காகிதப் பை

எதிர்வீட்டில் மறுபடியும் ‘படார்!’ தெருவே ‘அக்கா’ என்றழைக்கும் பெண்மணி கதவைத் தட்டாமலே உள்ளே புகுந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால், ஊதி வெடித்துக் கிழிந்த காகிதப் பையோடு அசடு வழிந்தான் கணவன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“மனுஷனாப்பா நீ? சின்ன வயசுல சிலிண்டர் வெடிச்சு வீட்டையே இழந்தவ. அவகிட்டயா விளையாட்டு?”

“திட்டாதீங்கக்கா, நான்தான் கேட்டேன்.” அவள் கண்ணை மூடி, “கடவுளே, கூடவே இரு” என்றாள். “ம்... இன்னொண்ணு வெடிங்க.”

இந்தக் கூத்து எதற்கென்று அடுத்த மாதம் மைதானத்தில்தான் அக்காவுக்குப் புரிந்தது. நூறு மீட்டர் ஓட்ட இறுதிப்போட்டி. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்தது. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தில் உறைந்துபோய்க் கடைசியாகவே கிளம்பியவள், இன்று முதல் ஆளாகப் பாய்ந்து முதல் ஆளாகவே முடித்தாள்.

அக்காதான் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கடியில் கிடந்தார். கணவன் குனிந்து கேட்டான்: “உங்களுக்கும் நாலு பை வெடிக்கட்டுமாக்கா?”