தொட்டி இருந்த இடம்

“இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி வை மாப்ளே. தொட்டி பாதைக்கு அவ்வளவு கிட்ட இல்லை.”

நாற்காலியில் சாய்ந்தபடி டிரைவர் சொன்னார். வேலை போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான்.

“இங்க ரெண்டு சென்டிமீட்டர்னா நிஜத்துல ஒண்ணே முக்கால் மீட்டர், மாமா. அதுக்கென்ன காலா முளைச்சிருந்துச்சு, நகர்றதுக்கு?” என்றார் அவருடைய மைத்துனர். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர் என்பதால் அவருக்குக் கடிகாரக்காரர் என்றே பெயர்.

மாடி அறையில் கட்டில் கிடந்த இடத்தை இப்போது ஒரு பெரிய பலகை பிடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் சின்ன ரயில் பாதை, வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு, வளைவின் உள்பக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டி ஒரு சிக்னல் கம்பம். அதன் உச்சியில் கடுகளவு சிவப்பு விளக்கு. எல்லாம் கடிகாரக்காரரின் மூன்று வருஷ உழைப்பு.

நிஜமான வளைவு இப்போது கிடையாது. தொட்டியை இடித்துப் பாதையை நேராக்கிவிட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அங்கேதான் டிரைவரின் வண்டி சிவப்பைத் தாண்டிப் போய், நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. உயிர் போகவில்லை, ஏழு பேருக்குக் காயம். டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘சிவப்பைப் பச்சைன்னு பார்த்த ஆளு’ என்ற பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

நாளைக் காலையில் புது அதிகாரி இந்த மாடலைப் பார்க்க வருகிறார். டிரைவரின் இருக்கையிலிருந்து சிக்னல் தெரிந்திருக்க வழியில்லை என்று நிரூபித்தால் பழைய தீர்ப்பைத் திருத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

டிரைவரின் மனைவி டீ டம்ளர்களோடு மாடிக்கு வந்தார். “என்ன, தொட்டி இன்னைக்கு எந்த ஊர்ல நிக்குது?”

“நீயே கேளு அக்கா. அளவெல்லாம் பழைய வரைபடத்துல இருக்கு. மாமா ஒத்துக்க மாட்டேங்கிறார்.”

“வரைபடம் போட்டவன் அங்க வண்டி ஓட்டினானா?” என்று டிரைவர் சீறினார்.

“போன வாரம் வளைவு சரியில்லைன்னார். அதுக்கு முந்தி சிக்னல் குட்டைன்னார். சட்டைக்குப் பட்டனை மாத்திப் போட்டுக்கிற மனுஷன் இதுல மட்டும் இவ்வளவு சுத்தம் பார்க்கிறார்” என்ற மனைவியின் குரல் சட்டென்று இறங்கியது. “நாளைக்கு நல்லபடியா முடியணும்டா. விசேஷ வீட்டுக்குப் போனாக்கூட கடைசி வரிசையைத் தேடி உக்கார்றார். என்னால பார்க்க முடியலை.”

கடிகாரக்காரர் விசாரணைத் தாளின் நகலை எடுத்தார். “‘சிக்னலை முதலில் பார்த்தது நான். பச்சை என்று முதலில் சொன்னதும் நான். உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.’ இதுதானே மாமா நீங்க எழுதிக் கொடுத்தது?”

“ஆமா. பார்த்தேன், சொன்னேன். அதுல இப்ப என்ன ஆராய்ச்சி?”

இன்ஜினில் அது ஒரு விதி. சிக்னல் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தன் கண்ணாலும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பழகிப்போன ஜோடிகள் ஒருவரையொருவர் நம்பி, பார்க்காமலே திருப்பிச் சொல்லிவிடுவதும் உண்டு.

கடிகாரக்காரர் வரைபடம் சொன்ன இடத்தில் தொட்டியைப் பசை போட்டு நிறுத்தினார். பட்டாணி அளவு கேமராவை இன்ஜினின் வலப்பக்கச் சன்னலில், டிரைவரின் கண் இருக்கும் உயரத்தில் பொருத்தினார். போனில் படம் தெரிந்தது. வண்டி கிளம்பியது.

வளைவு வந்தது. போன் திரை முழுக்கத் தொட்டிதான். மேலும் தொட்டி. சிக்னல் கண்ணில் பட்டபோது இன்ஜின் அதன் காலடிக்கே வந்துவிட்டிருந்தது.

“தெரியலை மாமா! உங்க இடத்துல இருந்து தெரியவே தெரியாது!” கடிகாரக்காரரின் குரல் உடைந்தது. “பதட்டத்துல பார்த்தேன்னு எழுதிட்டீங்க. அவ்வளவுதான். உங்க மேல தப்பே இல்லை.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனால் டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“சரி, ஜெயிச்சுட்டே. எடுத்து வை” என்றார்.

“இருங்க. இடப்பக்கச் சன்னல்லயும் ஒரு தடவை வச்சுப் பார்த்துடலாம். அதிகாரி கேப்பார்.”

டிரைவர் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “வேண்டாம்டா.”

மைத்துனரை அவர் ஒருநாளும் ‘டா’ போட்டதில்லை. கடிகாரக்காரர் சிரித்துக்கொண்டே கையை விடுவித்து, கேமராவை மாற்றிப் பொருத்தி வண்டியை ஓட விட்டார்.

வளைவு தொடங்கும் முன்பே போனில் சிக்னல் தெரிந்தது. தொட்டி அந்தப் பக்கத்தை மறைக்கவே இல்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அளவுக்குச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

“மாமா… நீங்க பார்த்திருக்கவே முடியாது. அப்படின்னா முதல்ல ‘பச்சை’ன்னு சொன்னது…”

டிரைவர் பலகைமேல் குனிந்து, பசை காயாத தொட்டியைப் பெயர்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று அந்த இடப்பக்க இருக்கையில் உதவி டிரைவராக உட்கார்ந்திருந்து, மோதலில் தலையில் அடிபட்டு அந்தக் காலையையே அடியோடு மறந்துபோன கடிகாரக்காரர், பலகையின் விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.