மூன்று ஓட்டு போதும்

"என் ஓட்டைப் பத்தி மட்டும் கேட்காதீங்க லோர்னா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"சரி, பசுவெல்லாம் சௌக்கியமா?"

நேற்று காபிக் கடையில் மாட்டு டாக்டர் வெர்லின் அப்படி மழுப்பியபோது லோர்னா சிரித்துவிட்டாள். இப்போது பள்ளி நூலகத்தில், பள்ளி வாரியத்தின் எதிரே உட்கார்ந்திருக்கையில், சிரிப்பு வரவில்லை. 

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூருக்குக் கணக்கு டீச்சராக வந்தவள், தலைமையாசிரியையாகி, துணைக் கண்காணிப்பாளராகவும் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தையே கட்டிக்கொண்டவள் என்று ஊர் கேலி செய்யும். ஆறு பள்ளிகளுக்கும் தலைமையான கண்காணிப்பாளர் பதவி இரண்டு முறை வெளியூர்க்காரர்களுக்குப் போனது. இது மூன்றாவது முறை.

வாரியத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் அவள் பக்கம். ஒருவர் எதிர்ப்பு. நான்காமவர் கிழவர் டுவைட்; அவருடைய பேரனைக் கணக்கில் ஃபெயிலாக்கி ஃபுட்பால் ஆடவிடாமல் செய்தவள் அவள். அந்த ஓட்டு வராது. ஆக, மூன்றாவது ஓட்டு வெர்லினுடையதுதான். எட்டு வருடமாக, ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அவளோடு காபி குடிக்கும் தனிக்கட்டை.

செயலாளர் பெயர்களை வாசித்தார். சம்மதம். சம்மதம். மறுப்பு.

"வெர்லின்?"

அவர் எழுந்து தொப்பியைக் கசக்கினார். "நான் ஓட்டுப் போடல."

கூட்டம் சலசலத்தது. லோர்னாவுக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் பழகிவிட்டு இப்படிக் காலை வாரிவிட்டாரே.

டுவைட் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "என் பேரன்னு தெரிஞ்சும் ஃபெயில் போட்டா. யாருக்கும் வளையமாட்டா. சம்மதம்."

நூலகமே கைதட்டியது. யாரோ லோர்னாவைக் கட்டிப்பிடித்தார்கள். அவளோ ஈரக் கண்ணோடு வெர்லினை முறைத்தாள்.

வாரியத் தலைவி கெயில் மேசையைத் தட்டினார். ஓட்டுப் போடாத உறுப்பினர் எல்லார் முன்னிலையிலும் காரணம் சொல்ல வேண்டும், அது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும் என்பது விதி. "சொல்லுங்க. லோர்னாகிட்ட அப்படி என்ன குறை கண்டீங்க?"

வெர்லின் வாரியத்திலிருந்து விலகும் தன் ராஜினாமாக் கடிதத்தைக் கெயிலின் முன்னால் வைத்தார்.

"குறை ஒண்ணுமில்ல. எனக்கு இதுல சொந்த ஆசை ஒண்ணு இருக்கு. அது இருக்கிறவன் ஓட்டுப் போட்டா நியாயமில்ல." அவள் பக்கம் திரும்பினார். "லோர்னா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"