கறுத்த பாட்டில்

"பம்பு கைப்பிடியைக் கழட்டியே ஆகணும். இனிமே ஒரு சொட்டுகூட யாரும்..."

"கழட்டிட்டு? நூத்தி நாப்பது வீடும் மறுபடி மாடு குளிக்கிற குட்டைக்குப் போகணுமா? நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைச் சொல்லப்போற? பாட்டிலைப் பாரு. அடுப்புக்கரி தோத்துது!"

எதிர்த்துப் பேசிய நெட்டை, குழுவிலேயே உயரமானவன், எட்டிப் பார்த்தான். மரப்பெட்டிக்குள் இரண்டு சின்னக் கண்ணாடி பாட்டில்கள். 'இரண்டு' என்று எழுதியது பளிச்சென்று இருந்தது. 'ஒன்று' மட்டும் கறுத்துக் கிடந்தது. மருந்துப்பொடி போட்டு ஒரு நாள் வைத்த தண்ணீர் கறுத்தால் அதில் மலக்கிருமி இருக்கிறது என்று அர்த்தம். முதல் பாட்டிலில் பம்புத் தண்ணீர். இரண்டாவதில், ஒப்பிட்டுப் பார்க்க, முகாமின் வடிகட்டித் தண்ணீர். இவர்கள் சேவைக் குழு கடல் கடந்து வந்து ஊருக்குப் பம்பும் கழிப்பறையும் கட்டிக்கொடுத்த மூன்று மாதமாக வாராவாரம் இதுதான் வழக்கம். இதுவரை ஒரு வாரமும் எதுவும் கறுத்ததில்லை.

கைப்பிடியைக் கழற்றச் சொன்னவள், இருபத்திரண்டு வயதில் ஐந்து பேர் குழுவுக்குத் தலைவியானவள், கறுத்த பாட்டிலை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இங்க பாரு பெரிய மனுஷி, இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுவோம். ஒரே ஒரு நாள்."

"அந்த ஒரு நாள்ல இன்னும் நாலு குழந்தை படுத்தா? நீயே ரெண்டு நாளா பாதி நேரம் கக்கூஸ்லதான் இருக்க. உண்மையைச் சொல்லு, யாருக்கும் தெரியாம பம்புல வாய் வச்சியா?"

"சத்தியமா இல்ல. அது உன் சமையல். எப்படியும் நாம கட்டின கக்கூஸ் உறுதியான்னு யாராவது பாக்க வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று முழுக்க அவள் வீடு வீடாக அலைந்திருந்தாள். நான்கு வீட்டில் நான்கு வாண்டுகள், வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தன. கை கழுவும் வகுப்பு முடிந்த பிறகும் முகாமை விட்டுப் போகாமல் விளையாடிக்கொண்டே இருக்கிற அதே நான்கு பேர். முகாமிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்துபோய், உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். கடைசிக் குழந்தைக்குக் கண் குழி விழுந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியை மூடிவிட்டுப் பம்படிக்கு ஓடினாள். நெட்டை முனகிக்கொண்டே பின்னால் வந்தான்.

பம்படியில் குடங்களோடு நீளமாக வரிசை நின்றது. பம்பைப் பார்த்துக்கொள்ள ஊரார் நிறுத்தியிருந்த பம்பு அக்கா, ஸ்பேனரும் கையுமாக அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பேச்சு இவர்கள் நாக்கில் ஏறியதே அவளிடம் திட்டு வாங்கித்தான்.

"அக்கா, கைப்பிடியைக் கழட்டுங்க. தண்ணி கெட்டுப்போச்சு."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "நல்லா யோசிச்சியாம்மா? கழட்டினா இதுங்க நேரா குட்டைக்குத்தான் போகும்."

"காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

"விறகு நீ தருவியா?"

வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "மூணு மாசம் ஊரையே தோண்டிப் போட்டது இதுக்குத்தானா? நல்லா இருக்குடியம்மா உங்க சேவை!"

அவளுக்கு அந்தக் கடைசிக் குழந்தையின் குழி விழுந்த கண் நினைவுக்கு வந்தது. கழற்றாமல் விட்டு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் முகாம்லேர்ந்து தினம் ஒரு கேன் வடிகட்டித் தண்ணி நாங்களே கொண்டுவந்து தர்றோம். கழட்டுங்க அக்கா. ப்ளீஸ்."

அக்கா ஒவ்வொரு நட்டாகக் கழற்றினாள். இரும்புப் பிடி கையோடு வந்ததும் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே குட்டைப் பக்கம் திரும்பியது. கடைசிக் குடமும் கண்ணிலிருந்து மறையும்வரை அக்கா பிடியை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

தலைவி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். "அழாதீங்க அக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து நான் குழந்தைங்களோட மாட்டிக்கிட்டப்ப, எனக்குப் பதிலா நீங்க ரெண்டு பாட்டிலையும் ரொப்பி வச்சீங்களே, அதனாலதான் இன்னிக்கே தெரிஞ்சுது. இல்லேன்னா ஒண்ணாம் நம்பர் கறுத்தது தெரியாமலே போயிருக்கும்."

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணாம் நம்பரா? அது உங்க முகாம் தண்ணியாச்சே கண்ணு. விருந்தாளிங்களுக்கு ரொப்பிட்டுத்தானே எங்களுக்கு ரொப்புவேன்?"