நவம்பர் 31

“நேத்து சரியா இருந்த மாசம் இன்னைக்கு எப்படி சார் தப்பாச்சு?”

கேட்டுக்கொண்டே காகிதத்தைப் புரோகிராமரின் மேசையில் வைத்தாள். அதில் ‘31-11’ என்று அச்சாகியிருந்தது. நவம்பர் முப்பத்தொன்று! எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள். அன்றைக்கு டிசம்பர் முப்பத்தொன்று.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அட, ஆமா! புது யூனிக்ஸ் பாருங்க மேடம், முரண்டு பிடிக்குது. நாளைக்கு சரி பண்ணிடறேன்.”

நாளைக்கு! அந்த ஒரு வார்த்தையாலேயே ஆபீஸில் அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்று பெயர். அவளுக்கும் ஒரு பட்டம் உண்டு. பூதக்கண்ணாடி. புரோகிராம்களைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அவள் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகாது. போகவும் விடமாட்டாள்.

வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களில் தேதியும் நேரமும் அச்சிடுகிற சின்ன புரோகிராம் அது. சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. மூலை அறையில் இருக்கும் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மற்றதெல்லாம் எப்போதோ குடிபோய்விட்டன. தேதி மட்டும் நகர மாட்டேன் என்றது. அது நகராமல் பழைய மெஷினை அணைக்க முடியாது. ‘புது வருஷத்துல அந்த ஓட்டை மெஷின் ஓடக் கூடாது’ என்று மேனேஜர் தினமும் இவளைப் பிய்த்து எடுத்தார்.

அவளுக்குச் சந்தேகம் வந்து நாளாகிவிட்டது.

சி மொழியில் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி என்றால் பூஜ்யம். அதனால் ஒன்றைக் கூட்டி அச்சிட வேண்டும். மறந்தால் டிசம்பர் நவம்பராகிவிடும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு அது. தலை நரைக்கிற வரை சி எழுதிய மனுஷன் மறந்துவிட்டாராம், இவள் நம்ப வேண்டுமாம்!

போன வாரம் வருஷம் உதைத்தது. நேற்று மணி. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது.

அவரோ ஒப்பந்த ஆள். வேலை நீள நீளச் சம்பளம். போதாக்குறைக்கு, பழைய மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரோடு மூலை அறையில் என்னவோ குசுகுசு. இவள் தலையைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

“தேதி வேலை முடிஞ்சுடுச்சாம்மா?” என்று ஆபரேட்டர் மட்டும் கேட்பார். கேட்கும்போது முகத்தில் ஈயாடாது.

கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

தன் இடத்துக்குப் போய் நேற்றைய புரோகிராமையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நேற்று ‘கூட்டல் ஒன்று’ இருந்தது. இன்று இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க சார். நீங்களே அழிச்சிருக்கீங்க.”

அவர் கதவைப் பார்த்தார். “கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம்.”

“எதுக்கு மெதுவா? இன்னும் ரெண்டு மாசம் சம்பளம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே! இப்பவே மேனேஜர்கிட்ட போறேன்.”

“சம்பளமா? வேற இடத்துல எனக்கு வேலை ரெடியா இருக்கு. எப்ப வந்து சேரப் போறீங்கன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. நான்தான் சாக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?”

“பழைய மெஷினை அணைச்ச அன்னைக்கே ஆபரேட்டரையும் அனுப்பிடுவாங்க. அவர் போயிட்டா ஆபீஸ் குடுக்கிற ஆஸ்பத்திரிச் செலவும் நின்னுடும். அவர் சம்சாரத்துக்கு பிப்ரவரி கடைசியில இதய ஆபரேஷன்.”

அவள் மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து மடித்தாள்.

“மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிப் பார்த்தார். மெஷினே இல்லாம ஆபரேட்டர் எதுக்குன்னு கேட்டாராம். வந்து எங்கிட்ட அழுதார். நான் பண்றது அவருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா வேணாம்பார்.” அவர் குரல் இறங்கியது. “தேதி வேலையை நான் முதல் வாரத்துலயே முடிச்சுட்டேன்.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. தெரிந்தே தப்பான கணக்கைச் சரி என்பதும், சரியான கணக்கைத் தப்பு என்பதும் அவளுக்கு ஜென்மத்தில் ஆகாது.

அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார்.

“என்னம்மா, தேதி முடிஞ்சுதா? சாயங்காலம் அந்த மெஷினை அணைக்கச் சொல்லிடவா?”

நாளைக்கு சார் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னும் முடியல சார்” என்றாள்.

“வேணும்னே இழுத்தடிக்கிறார்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?”

“தப்பா சொல்லிட்டேன் சார். வர்ற வருஷம் லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பது ஒழுங்கா அச்சாகுதான்னு பார்க்காம என்னால கையெழுத்துப் போட முடியாது.”

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். “அந்தத் தேதியை இப்பவே குடுத்துப் பார்க்க முடியாதா?”

பார்க்க முடியும். ஒரு நிமிஷம் போதும். நேற்றே பார்த்தும் விட்டாள். தேதி ஒரு பழுதில்லாமல் வந்திருந்தது.

“எப்படி சார் முடியும்?” என்றாள் பூதக்கண்ணாடி. “பிப்ரவரி வந்தாத்தானே தெரியும்!”