பெயரில்லாத பொத்தான்

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடு கோடாய்ப் போட்டிருக்கிறது, கண்ணுங்களா. பார்வையில்லாத அக்கா கைபேசியைக் காதருகே பிடித்திருக்கிறாள்; திரையில் இருப்பதை அது அவளுக்கு வாசித்துக் காட்டும். அவள் வேலை பார்த்த ஆலையில் பற்றிய தீயில் இறந்துபோன ஏழு பேரும் அவளோடு ஒரே மேசையில் பொட்டலம் கட்டியவர்கள். அவர்களைப் பற்றித் தம்பி எழுதியது இன்று அவன் பத்திரிகையின் இணையதளத்தில் வந்திருக்கிறது. கைபேசியோ, "விளம்பரத் தடுப்பானை நீக்கினால்தான் படிக்கலாம்" என்கிறது.

"எடுத்துடுக்கா. அந்த விளம்பரத்துலதான் என் சம்பளமே வருது."

"தடுக்கிறது சட்டப்படி குத்தமாடா?"

"சட்டத்துல இல்ல. எங்க நிபந்தனை அது."

அவள் நீக்குகிறாள். முதல் பெயரை வாசித்த அதே குரல், மூச்சுவிடாமல், "மெத்தை பாதி விலை" என்கிறது. மூடப் பார்க்கிறாள். நமக்கென்றால் மூலையில் ஒரு பெருக்கல் குறி தெரியும். அவளுக்கு, "பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான்" என்றுதான் கேட்கிறது. குத்துமதிப்பாகத் தொட்டதில் மெத்தைக் கடையே திறந்துகொள்கிறது. திரும்பி வந்தால் மறுபடி முதல் பெயர், மறுபடி மெத்தை.

"செத்தவங்க பேருக்கு நடுவுல மெத்தை விரிக்கிறீங்களேடா! உன் சோத்துல நான் மண்ணா போடுறேன்? பொத்தானுக்கு ஒரு பேரு வைக்க உங்க ஆபீஸ்ல ஆளில்லையா?"

தம்பி கைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைக்கிறான். செய்திக்குக் குறிப்பெடுத்த தன் நோட்டை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் பெயரைச் சத்தமாக வாசிக்கிறான். அக்கா ஒரு விரலை மடக்குகிறாள்.