நகக்குறி

பிறந்து இரண்டே நாளான பிள்ளையின் கையும் காலும் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்தன. பெற்றவள், தையற்காரி சகாயமேரி, துணியை இறுக்கிச் சுற்றிப் பார்த்தாள். நடுக்கம் துணிக்கு மேலும் தெரிந்தது. பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் பெரிய ஊருக்குப் போயிருந்தது. முடிவு வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை பொறுக்காமல் டாக்டர் வசுமதி பிள்ளையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். தாளில் ஒரு கூர்முனை, பிறகு நீளமாய் ஒரு கோடு, அதற்கப்புறம்தான் மேடு.

“கோடு இப்படிப் படுத்துக்கிடக்கே, டாக்டரம்மா! நெஞ்சு நின்னு நின்னா ஓடுது?”

“நிக்கலம்மா. ஒவ்வொரு துடிப்பும் அடங்க நேரமாகுது. கால்சியம் குறைஞ்சா இந்த இடம் இப்படித்தான் நீளும்.”

“நீளந்தானே? பிடிச்சுத் தைச்சிரலாம்ல?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது என்ன ஜாக்கெட்டாம்மா? சரி, மருந்து விட்டுப் பிடிச்சுப் பார்ப்போம்.”

மேடு முடிகிற இடத்தில், துணிக்கு வைப்பதுபோல, சகாயமேரி நகத்தால் அழுத்தி ஒரு குறி வைத்தாள். மருந்து மெல்ல மெல்ல இறங்கியது. இதயத் துடிப்பு ஓடும் திரையைவிட்டு டாக்டர் கண்ணை எடுக்கவே இல்லை.

அடுத்த தாள் வந்ததும் சகாயமேரி அதைப் பழையதன்மேல் கூர்முனைக்குக் கூர்முனை பொருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேடு நகக்குறிக்கு முன்னாலேயே முடிந்திருந்தது.

“எவ்வளவு பிடிச்சிருக்கேன், பார்த்தீங்களா?” என்றார் டாக்டர்.

அவள் தாள்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தினாள். சின்னக் கை ஒன்று வெளியே வந்து நடுங்காமல் தாளின்மேல் படிந்தது. தாள் சரசரக்கவில்லை.