தேன்குரல் ஜிபிஎஸ்

குட்டி விமானம் ஜிபிஎஸ் வாங்கப் போனது. விமானங்களுக்கென்றே செய்த கருவி ஒன்று, மலை வந்தால் எச்சரிப்பது, கடை ஓரத்தில் கிடந்தது.

"மூஞ்சியைப் பார், அழுதுவடியுது!" என்ற விமான மகாராணி, கார்களுக்கான தேன்குரல் கருவியை மாட்டிக்கொண்டாள்.

"அது ரோட்டுக்குடி, அம்மா தாயே!" என்று தலையிலடித்துக்கொண்டது அவளுடைய பழைய திசைகாட்டி.

"உனக்குப் பொறாமை."

மறுநாள் மேகத்துக்குள் பறக்கும்போது தேன்குரல் குழைந்தது: "முன்னால் வேகத்தடை. மெதுவாகச் செல்லவும்." விமானம் பவ்வியமாக வேகத்தைக் குறைத்தது. மேகம் விலகியது. எதிரே மலை!

"ஏறுடி மேலே!" என்று திசைகாட்டி அலறியது.

சக்கரம் மரங்களை உரச, தப்பித்து ஏறிய விமானம் மூச்சு வாங்கியபடி சொன்னது:

"வேகத்தடைன்னு முன்னாடியே சொல்லுச்சா, இல்லையா? கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே!"